இருக்கைக்குப் பின்னே 24 லிட்டர்

2024 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒட்டன்சத்திரத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்து நிழலில் நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியின் கேபினுக்குள் அண்ணன் தம்பி இருவரும் உடலை மடக்கிக்கொண்டு கிடந்தோம். இருக்கையின் முதுகுக்கும் கேபினின் பின்சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அம்மாவின் தையல் நாடாவால் அளந்துகொண்டிருந்தோம். மேலே 9 சென்டிமீட்டர், கீழே 17. அகலம் 90. உயரம் 34. இந்த நான்கு எண்களையும் ஒருவர் சொல்ல மற்றவர் கல்லூரி விடைத்தாள் ஒன்றின் எழுதாத பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஜாக்கியும் ஸ்பேனர்களும் பழைய சாக்கும் கிடந்த அந்த இடுக்குக்குள் ஒரு சப்வூஃபரையும் அதற்கான பெட்டியையும் பொருத்த வேண்டும். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வேலை எங்களை ஏறத்தாழ மூன்று மாதங்கள் அலைக்கழித்தது. அந்த அலைச்சலின் முடிவில் நாங்கள் தேடிப் போனதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டடைந்தோம் என்பதால் அதை இங்கே பதிவு செய்து வைக்கலாம் என்று தோன்றுகிறது.

நாங்கள் இருவர். மூத்தவர் கலைக்கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவர். இதை எழுதும் கை அவருடையது. இளையவர் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு இரவோடிரவாகக் கொண்டு சேர்ப்பவர். இந்த விஷயத்தில் யோசித்ததும் கணக்குப் போட்டதும் சண்டையிட்டதும் சேர்ந்தே என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

ஒலிபெருக்கி எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. அப்பா 1978இல் எங்கள் ஊரில் மைக் செட் கடை வைத்தார். 2011இல் கடையை மூடும்வரை சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோன்பு, மார்கழி விடியல் எல்லாவற்றுக்கும் அவருடைய கூம்பு ஒலிபெருக்கிகள்தாம் குரல் கொடுத்தன. தென்னை மரத்திலும் மின்கம்பத்திலும் கூம்புகளைக் கட்டிவிட்டு, அவற்றுக்குக் கீழேயே கயிற்றுக் கட்டில் போட்டு அமர்ந்திருப்பார். இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும், ஒலிநாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கும் காலம் மாறியபோதும் அந்தக் கட்டிலின் இடம் மட்டும் மாறவில்லை. சிறுவயதில் நாங்கள் அக்கட்டிலின் காலடியில் உறங்கியிருக்கிறோம்.

கூம்பு ஒலிபெருக்கிக்கு அடித்தொனி கிடையாது. வயல்களைத் தாண்டிப் பேச்சைக் கொண்டு சேர்ப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி அது. நடு அதிர்வெண்களையும் மேல் அதிர்வெண்களையும் ஈட்டிபோல் எறியும். தவில் அதில் தகரத்தைத் தட்டுவதுபோலத்தான் வரும். முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்த ஈட்டிகளின் அடியில் அமர்ந்ததன் பலன், அப்பாவுக்கு அறுபது வயதைத் தாண்டும்போது தெரியவந்தது.

"காது கேக்குது, பேச்சு வெளங்கல" என்பார். நெடுங்காலம் அந்த வாக்கியத்தின் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை. செவித்திறன் பரிசோதனையில் வரைபடத்தைக் காட்டி விளக்கினார்கள். பேரொலியால் கேடுற்ற காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. பேச்சில் உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் தங்கியிருக்கிறது. ககர சகர தகரங்களின் வெடிப்பும் உரசலும் மேலே இருக்கின்றன. ஆகவே அப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் நழுவிவிடுகிறது. 'கட்டம்', 'சட்டம்', 'பட்டம்' மூன்றும் அவருக்கு ஒரே சொல். ஆண்டுதோறும் வகுப்பில் உயிரும் மெய்யும் புணர்வதைப் பற்றிப் பேசுகிறவரின் தந்தைக்கு, அவை பிரிந்தே வந்து சேர்ந்துகொண்டிருந்தன. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். சந்தை இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

இந்தப் பின்னணியில்தான் தம்பிக்குச் சப்வூஃபர் ஆசை வந்தது. 2023இல் பழைய வண்டியாக வாங்கிய பிக்கப்பில் இருந்தவை கதவுகளில் பதித்த இரண்டு சிறு ஒலிபெருக்கிகள் மட்டும். எஞ்சின் முழங்கத் தொடங்கியதும் பாட்டின் அடிப்பாகம் முழுதும் அதில் அமிழ்ந்துவிடும். எஞ்சினும் சாலையும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் இருப்பதே காரணம். மிருதங்கமும் தவிலும் மறைந்து, குரலின் கூர்மை மட்டும் மிஞ்சும். அதை ஈடுகட்ட ஓட்டுநர் ஒலியைக் கூட்டுவார். பாட்டுப் பெட்டியின் திரையில் அந்த எண் 30இல் நிற்கும். சந்தையில் சக ஓட்டுநர்களின் வண்டிகள் நெஞ்சு அதிர வந்து நிற்பதைப் பார்த்த தம்பி, 12 அங்குலத்தில் இரண்டு சப்வூஃபர்களும், துளை வைத்த பெரிய பெட்டியும் வேண்டும் என்றார். கேபினுக்குள் இடமில்லை, பின்னால் சரக்குப் பகுதியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை.

திண்டுக்கல்லில் ஒரு கடைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 2000 வாட்ஸ் என்று அச்சிட்ட ஆம்ப்ளிஃபயரைக் கடைப்பையன் எடுத்துக் காட்டினார். அப்பா அதைத் திருப்பிப் பார்த்து, பக்கவாட்டில் செருகியிருந்த ஃபியூஸைத் தொட்டார். 30 ஆம்பியர். அவர் எதுவும் பேசாமல் எங்களைப் பார்த்தார். வெளியே வந்தபின் கணக்குப் போட்டோம். ஓடும் வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். 14ஐ 30ஆல் பெருக்கினால் 420 வாட்ஸ். உள்ளே தொடர்ந்து செல்லக்கூடிய மின்திறனே அவ்வளவுதான். அதில் ஒரு பகுதி வெப்பமாகப் போகும். மிகச் சிக்கனமான டி வகை ஆம்ப்ளிஃபயர் என்றாலும் 300 வாட்ஸைச் சற்றே தாண்டலாம். 2000 என்பது கண்ணிமைக்கும் நேரத்து உச்சக் கணக்கு. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று சிறு எழுத்தில் குறிக்கப்படும் தொடர்திறனை. அந்த எழுத்தும் இல்லாவிட்டால் ஃபியூஸ் பொய் சொல்லாது.

அதே கடையின் வாசலில், இரண்டு 12 அங்குல சப்வூஃபர் வைத்த காட்சி வண்டி ஒன்று நின்றது. அப்பாவை உள்ளே அமர்த்திப் பாட்டைப் போட்டார்கள். எண் பலகை அதிர்ந்தது. ஒரு நிமிடத்தில் அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"சத்தம் வருது தம்பி, பாட்டு வரல" என்றார்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "அப்பாவுக்குக் காது கேக்காதுண்ணே, அவர எதுக்குக் கேக்குற" என்றார், அப்பாவின் முன்னாலேயே. அந்த வாக்கியம் அப்பாவுக்கு விளங்கியதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பெட்டியைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினோம். இலக்கியம் படித்தவருக்கும் லாரிப்பட்டறையில் வளர்ந்தவருக்கும் ஒருங்கே புரிந்த செய்திகளை மட்டும் இங்கே சொல்கிறோம்.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று நெகிழ்கிறது. முன்னலையும் பின்னலையும் எதிரெதிரானவை. நீண்ட அலைகள் எளிதில் வளைந்து சுற்றிவரும் என்பதால், பெட்டியில்லாத ஒலிபெருக்கியில் அடித்தொனிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆகவே பெட்டி என்பது அலங்காரமன்று. பின்னலையை என்ன செய்வது என்ற கேள்விக்கான விடை அது. தவிலின் பலாமரக் கூடும் மானாமதுரைக் கடத்தின் வயிறும் வெறும் தாங்கிகளாக இல்லாமல் இசையின் பங்காளிகளாக இருப்பதுபோல, பெட்டியும் கருவியின் பாதி.

அக்கேள்விக்கு இரண்டு பெரிய விடைகள் உண்டு. பெட்டியில் அளவான ஒரு துளையோ குழாயோ வைத்து, பின்னலையைத் திருப்பி முன்னலைக்குத் துணையாக அனுப்புவது ஒன்று. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1930இல் விண்ணப்பித்து 1932இல் காப்புரிமை பெற்றார். காற்றுப் புகாமல் முற்றிலும் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக்குவது மற்றொன்று. இவ்வழியை எட்கர் வில்ச்சர் 1954இல் உலகுக்குக் காட்டினார். துளைப்பெட்டி குறைந்த மின்திறனில் அதிக ஒலி தரும். ஆனால் இடம் அதிகம் கேட்கும். துளைக்கு இசைவித்த அதிர்வெண்ணுக்குக் கீழே சுருதிக்கு 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும் என்று நூல்கள் சொல்கின்றன. இங்கே சுருதி என்பது அதிர்வெண் பாதியாகும் ஒரு ஸ்தாயி. அந்த எல்லைக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் இராது. மூடிய பெட்டி ஒலியில் சிக்கனமானது. ஆனால் சரிவு ஸ்தாயிக்கு 12 டெசிபல் மட்டும். அடித்தவுடன் எழுந்து, விட்டவுடன் அடங்கும்.

எந்த ஒலிபெருக்கிக்கு எவ்வளவு பெட்டி என்பது நெடுங்காலம் அனுமானமாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகள் அதைக் கணிதமாக்கின. இன்று ஒலிபெருக்கியுடன் வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ் என்று மூன்று குறிகள் இருக்கின்றன. முதலாவது கூம்பின் இயல்பான அதிர்வெண். இரண்டாவது அது எவ்வளவு கட்டுப்பாட்டுடன் அதிர்கிறது என்பதன் அளவு. மூன்றாவது அதன் மீள்தன்மைக்கு ஈடான காற்றின் கொள்ளளவு. யாப்பிலக்கணத்தில் சீரும் தளையும் தெரிந்தால் அடி எங்கே முறியும் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல இம்மூன்றும் தெரிந்தால் பெட்டி கட்டுவதற்கு முன்பே அதன் ஓசையைச் சொல்லிவிடலாம்.

எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. கேஎல்எச் ஒலிபெருக்கி நிறுவனத்தை 1957இல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரால் ஓர் 'இரும்பு விதி' வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழ்ந்த அடித்தொனி, மிகுந்த உரப்பு ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் பெற முடியும். மூன்றாவதை விட்டே ஆக வேண்டும். எத்தனை விலை கொடுத்தாலும் இவ்விதி வளையாது. சிறிய பெட்டி எங்களுக்கு விதிக்கப்பட்டது. மீதமிருந்தது ஒரே கேள்வி: ஆழத்தை விடுவதா, உரப்பை விடுவதா?

தம்பி ஆழத்தை விடச் சொன்னார். வண்டி வருவது சந்தை முனையிலேயே தெரிய வேண்டும் என்பது அவருடைய வாதம். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பொள்ளாச்சி தாண்டி ஒத்தையா ஓட்டிப் பாருண்ணே. சத்தம் இல்லன்னா கண்ணு சொருகும்" என்றார். பேச்சு தடித்தது. தூக்கத்துக்கு மாற்று தூக்கம்தான், கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டு என்று மூத்தவர் சொன்ன அறிவுரை, மாதச் சம்பளக்காரரின் அறிவுரையாகவே கேட்டிருக்கும். இரண்டு வாரங்கள் விடைத்தாளை யாரும் எடுக்கவில்லை.

ஆனி மாதம் அப்பாவின் காதுக் கருவியைச் சரிபார்க்கப் போனபோது தம்பிதான் உடன் வந்தார். காத்திருந்த நேரத்தில், உங்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று அங்கிருந்த பெண் சொல்ல, விளையாட்டாகவே அறைக்குள் போனார். வெளியே வந்த வரைபடத்தில் கோடு நேராகச் சென்று, 4000 ஹெர்ட்ஸில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்பாவின் பழைய தாள் எங்கள் கையில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அப்பாவுடையது கிணறு, தம்பியுடையது கிணறு வெட்டுவதற்கு முன் போடும் முதல் குழி. இடம் ஒன்றே. தம்பிக்கு அப்போது வயது 41.

எஞ்சின் இரைச்சல், திறந்த கண்ணாடி, முப்பதில் நிற்கும் பாட்டு, சிறுவயதுக் கட்டில் காலடி ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறை ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அக்கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம். பாலக்காட்டுக்குப் போகும் வழியில் பழனியைக்கூட எட்ட முடியாது.

அன்று வீடு திரும்பும்போது வண்டியில் பாட்டுப் போடவில்லை. ஆயக்குடி அருகே தம்பி தானாகவே சொன்னார்: "சவுண்ட விட்டுரலாம்ணே. ஆழம் இருக்கட்டும்."

அதன்பின் எல்லாம் எளிதாயிற்று. மனிதக் காது மெல்லிய ஒலியில் அடித்தொனிகளைத்தான் முதலில் தவறவிடுகிறது என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வளைகோடுகள் வரைந்து காட்டியிருக்கிறார்கள். நாம் ஒலியைக் கூட்டுவது பல வேளைகளில் உரப்புக்காக அன்று. விட்டுப்போன அந்த அடியைத் தேடித்தான். அடி முறையாகக் கிடைத்துவிட்டால் மேலே இருப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படியானால் நாங்கள் வாங்கப்போவது ஒலியைக் குறைப்பதற்கான ஒலிபெருக்கி! இதைச் சொன்னபோது கடைப்பையன் சிரித்தார்.

கேபினின் நெருக்கமும் எங்கள் பக்கம் நின்றது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். ஒற்றை வரிசை இருக்கை கொண்ட கேபினோ ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. அலை விரிய இடமில்லாத அறையில், கூம்பின் அசைவு உள்ளிருக்கும் காற்று முழுவதையும் ஒருசேர அழுத்தித் தளர்த்துகிறது. அதனால் அதிர்வெண் கீழே இறங்க இறங்க உள்ளே அழுத்தம் கூடுகிறது. மூடிய பெட்டி கீழே சரியும் அளவில் ஒரு பங்கைக் கேபினே ஈடு செய்துவிடும். கண்ணாடியைத் திறந்தால் இப்பலனில் பெரும்பகுதி வெளியே போய்விடும். சரக்குப் பகுதியில் பெட்டி வைத்தால் இப்பலன் இல்லவே இல்லை. மழையில் நனையும், தக்காளிப் பெட்டிகளுக்கான இடமும் போகும். ஊருக்குக் கேட்கும், ஓட்டுகிறவருக்குக் கேட்காது.

ஆழம் குறைந்த இடத்துக்கென்றே செய்யப்படும் தட்டை வகையில், 10 அங்குல சப்வூஃபர் ஒன்றைத் தேர்ந்தோம். பதிப்பதற்கு எட்டரை சென்டிமீட்டர் ஆழம் போதும். இரட்டைச் சுருள் வகையும் இருந்தது. அதன் இரண்டு 4 ஓம் சுருள்களை இணையாகக் கட்டினால் 2 ஓம், தொடராகக் கட்டினால் 8 ஓம். எங்கள் ஆம்ப்ளிஃபயரை 2 ஓமில் காய வைக்க வேண்டாம் என்று அப்பா தடுத்ததால் ஒற்றைச் சுருள் 4 ஓம் வகையையே வாங்கினோம். தாளில் எஃப்எஸ் 32, க்யூடிஎஸ் 0.5, வாஸ் 25 லிட்டர் என்றிருந்தது.

இனி பெட்டி. பலகை 18 மில்லிமீட்டர் கனம். வெளியளவில் இரண்டு பக்கத்துப் பலகைக் கனத்தையும் கழிக்க, உள்ளே நீளம் 86.4, உயரம் 30.4, சாய்வான ஆழத்தின் சராசரி 9.4 சென்டிமீட்டர். பெருக்கினால் 24.7 லிட்டர். ஒலிபெருக்கியின் உடம்பு அடைக்கும் ஒரு லிட்டரைக் கழித்தால் ஏறக்குறைய 24. வாஸை இந்த 24ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, க்யூடிஎஸ் அளவால் பெருக்க வேண்டும். 0.71 வந்தது. மூடிய பெட்டிக்கு 0.7 என்பது ஓசை எங்கும் பிதுங்காமல் சமமாக நிற்கும் இடம். இதே ஒலிபெருக்கியை 8 லிட்டருக்குள் அடைத்திருந்தால் விடை 1ஐத் தாண்டியிருக்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே இடத்தில் 'தொம்' என்று முட்டும் ஓசை வந்திருக்கும். தையல் நாடாவால் அளந்த இடுக்கு, யாரோ எங்கோ செய்த ஒலிபெருக்கிக்கு இப்படிப் பொருந்தியது நல்லூழ்.

எம்டிஎஃப் பலகையைத்தான் பலரும் பரிந்துரைப்பர். ஈரமான காய்கறிகளோடு மலையாளக் கரை மழைக்குப் போகிற வண்டி என்பதால், நீர் தாங்கும் பிளைவுட்டுக்கு மாறினோம். எங்கள் தெரு ஆசாரி மூலைகளில் பசையிட்டுத் திருகாணி இறக்கி, உள் இணைப்புகளில் சிலிக்கான் பூசித் தந்தார். அப்பா அப்போதும் கணக்கை நம்பவில்லை. வட்டத் துளையின் வழியே கம்பைக் கொட்டி, லிட்டர் படியால் அளந்தார். இருபத்து நான்கு படியும், அரைப்படிக்குச் சற்று மேலும் பிடித்தது. தலையை ஆட்டிவிட்டு, ஒரு மணிகூட உள்ளே தங்காதபடி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

மின்கம்பிகளை அவரே இணைத்தார். மின்கலத்திலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்றார். அதற்கப்பால் கம்பி எங்கே உரசித் தீப்பொறி விட்டாலும் வண்டி தப்பும். கடையில் கொடுத்த கம்பியைச் சுரண்டிப் பார்த்து, செம்பு பூசிய அலுமினியம் என்று திருப்பி அனுப்பினார். பற்றவைப்பு இரும்பைப் பிடித்த அவர் விரல்கள் நடுங்கவில்லை. பெட்டிக்குள் பஞ்சு போட்டு, ஒலிபெருக்கியைப் பதித்துத் திருகிய பின், கூம்பை விரல் நுனிகளால் மெல்ல அழுத்தச் சொன்னார். தயங்கித் தயங்கித் திரும்பி வந்தது. "காத்துப் போகல" என்றார். கெயின் என்னும் திருகை ஒலி கூட்டும் திருகு என்று எண்ணி முழுதும் திருப்பிவிடுவோர் உண்டு. அது பாட்டுப் பெட்டியின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை இசைவிக்கும் திருகு. அளவு மீறினால் அலையின் முகடு வெட்டுப்பட்டு ஒலி சிதையும், சுருளும் கருகும். ஓசை சிதையத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அதிலிருந்து நன்றாகப் பின்வாங்கி நிறுத்தினோம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை மட்டும் பெட்டிக்குப் போகும்படி பிரித்தோம்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு மாலை. கேபினில் அப்பா நடுவே, நாங்கள் இருபுறமும். கண்ணாடிகளை ஏற்றினோம். அப்பாவின் பழைய ஒலிநாடா ஒன்றிலிருந்து மாற்றி வைத்திருந்த நாதசுரக் கச்சேரி. இராகம் முடிந்து தவில் இறங்கியது. தவிலுக்கு வலந்தலை என்றும் தொப்பி என்றும் இரு முகங்கள். விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலையின் வெடிப்பு அப்பாவின் காதுக்கு முழுதாகப் போயிருக்காது. கோலால் அடிக்கும் தொப்பியின் கனத்த ஓசை இருக்கையின் முதுகு வழியாக, விலா வழியாக, நெஞ்சுக்குள் போயிற்று. வல்லின மெய்கள் பிறக்கும் இடம் நெஞ்சு என்கிறது நன்னூல். பிறக்கும் இடத்தைச் சொன்னார்கள், கேட்கும் இடத்தைச் சொல்லவில்லை. அப்பா வலக்கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் இடக்கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. ஓரிடத்திலும் தப்பவில்லை.

"இந்தத் தொப்பிய நான் கேட்டதே இல்லடா" என்றார். "முப்பது வருசம் இதே கேசட்ட ஊருக்கெல்லாம் போட்டிருக்கேன்."

அவர் கேட்டிராதது காது கெட்டதால் அன்று. காது நன்றாயிருந்த காலம் முழுவதும் அவர் அமர்ந்திருந்தது கூம்பின் அடியில்.

திரையில் எண் 19 இருந்தது. கூட்டட்டுமா என்று தம்பி சைகையால் கேட்டார். அப்பா வேண்டாம் என்று கையை அசைத்தார்.

2025 ஆனியில் தம்பியை மீண்டும் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். பள்ளம் அப்படியேதான் இருந்தது, ஆழம் கூடவில்லை. அது மூடவும் மூடாது. ஓராண்டுத் தாளை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது என்று அங்கே சொன்னார்கள், நாங்களும் சொல்லவில்லை. இப்போது கண் சொருகினால் உடுமலை தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி அரைமணி உறங்குகிறார். சந்தை முனையில் அவர் வண்டி வருவது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை.

சில இரவுகளில் பொள்ளாச்சியில் தேநீருக்கு நிறுத்தும்போது அழைப்பார். போய்ச் சேர வேண்டிய நேரம், சந்தை விலை, அப்பா மாத்திரை போட்டாரா என்ற விசாரிப்பு எல்லாம் முடிந்து, வைப்பதற்கு முன் கேட்காமலேயே சொல்வார்:

"பத்தொம்பதுலதாண்ணே இருக்கு."